மண்டிப்போன துஜா வேலி: எப்போது வெட்டுவது, எதுவரை வெட்டுவது

“வெட்டியாகிவிட்டது. இனி எப்போது துளிர்க்கும்?” துஜா என்ற ஊசியிலைச் செடியை வேலியாக வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான். வெட்டுவதற்கு முன்பு யாரும் கேட்பதில்லை. என் பதிலும் மாறுவதில்லை. பச்சை இல்லாத கட்டையில் துஜா துளிர்க்காது.

நானும் கெடுத்துத்தான் கற்றேன். குமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் விளையின் (தோட்டத்தின்) முன்புறம் வைத்த வேலி பல வருடம் கவனிப்பின்றி வளர்ந்து, நடைவழியைப் பாதி அடைத்துவிட்டது. செம்பருத்தியை வெட்டுகிற அதே துணிச்சலில் வெட்டுக்கத்தியை எடுத்து வழிப்பக்கத்தை நேராகச் சீவி இறக்கினேன். மாலையில் பார்த்தால் விறகு அடுக்கிவைத்தது போல நின்றது. இரண்டு மழைக்காலம் காத்திருந்தேன், பிறகு வேரோடு பிடுங்கினேன். அதன் பின் உறவினர் வீடுகளிலும் அயல்வீடுகளிலும் வேலிகளைச் சரிசெய்யப் போனபோது பழகிக்கொண்ட வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன். வேலையைவிட வரிசை முக்கியம். வரிசை தவறும் இடத்தில்தான் செடி போகிறது.

1. முதலில் செடி எது என்று உறுதி செய்யுங்கள்

நம் ஊரில் “ஊசியிலை வேலி” என்று சொல்லப்படுவது மூன்று நான்கு வேறு செடிகள். ஒவ்வொன்றுக்கும் வெட்டு வேறு.

துஜா: நாற்றுப் பண்ணைகளில் மோர்பங்கி என்றும் விற்பார்கள். இலைகள் தட்டையான விசிறிகளாக, நின்ற வாக்கில் அடுக்கடுக்காக இருக்கும். கசக்கினால் பிசின் மணம் வரும். கோல்டன் சைப்ரஸ் போன்ற சைப்ரஸ் வகைகளையும் வெட்டு விஷயத்தில் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். இந்த வழிகாட்டி முக்கியமாக இவற்றுக்குத்தான்.

சவுக்கு: கடற்கரைப் பக்கம் வேலியாக நட்டிருப்பது இது. பார்த்தால் ஊசியிலை மரம். உண்மையில் பூக்கும் தாவரம். நாம் ஊசி என்று நினைக்கும் பச்சை நூல்கள் அதன் சிறுகிளைகள். இலைகள் கணுக்களில் பல் பல்லாகத் தேய்ந்துபோய் இருக்கின்றன. ஒரு ஊசியைப் பிடித்து இழுத்தால் கணுக் கணுவாகப் பிரிந்து வரும். இதற்கான வெட்டு பத்தாம் பகுதியில் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் மரம் என்று வீட்டு முன் வைக்கும் அரக்கேரியா: இது வேலிக்கான செடியே அல்ல. உச்சியை ஒருமுறை வெட்டினால் அந்த அடுக்கு வடிவம் திரும்பி வராது. மின்கம்பியைத் தொடும் அளவுக்குப் போய்விட்டால் முழுதாக எடுப்பதே நல்லது.

2. வேலியைப் பிளந்து உள்ளே பாருங்கள்

வெளியிலிருந்து பார்க்கும்போது வேலி முழுவதும் பச்சையாகத் தெரியும். இரண்டு கையாலும் கிளைகளை விலக்கி உள்ளே பாருங்கள். வெளி ஓரத்தில் ஒரு பச்சைப் போர்வை. அதற்குள் பழுப்புக் குச்சிகளும் உதிர்ந்த சருகும் மட்டும். வெயில் படாத இடத்தில் இலை நிற்காது. செடி வயதாக ஆக இந்தப் போர்வை வெளியே நகர்ந்துகொண்டே போகிறது. பின்னால் வெறும் கட்டை மிஞ்சுகிறது.

செம்பருத்தி, மருதாணி, தெற்றி (இட்லிப்பூ) போன்றவற்றின் பழைய கட்டையிலும் உறங்கும் மொட்டுகள் உண்டு. வெட்டினால் அவை விழித்துக்கொள்ளும். துஜாவின் இலையுதிர்ந்த கட்டையில் அப்படி நம்பக்கூடிய மொட்டு கிடையாது. ஆகவே நமக்கிருக்கும் கைமுதல் முழுவதும் அந்தப் பச்சைப் போர்வைதான். அது எத்தனை சென்டிமீட்டர் என்று தெரியாமல் கத்தரியைத் தொடக் கூடாது.

அளக்க ஒரு தடித்த ஈர்க்கில் போதும். இலைப்பரப்பிலிருந்து உள்ளே செருகி, கடைசிப் பச்சை இலை முடியும் இடத்தில் நுனி நிற்குமாறு பிடியுங்கள். வெளிப்பரப்பு தொடும் இடத்தில் நகத்தால் கிள்ளி, வெளியே எடுத்து அளவுகோலில் வையுங்கள். வேலியின் நீளத்தில் பத்து இடங்களிலாவது, ஒவ்வோரிடத்திலும் மேலே, நடுவில், கீழே என்று பாருங்கள். சராசரி எடுக்காதீர்கள், மிகக் குறைந்த அளவுதான் உங்கள் கணக்கு. சராசரியை நம்பி வெட்டினால் போர்வை மெலிந்த இடங்களெல்லாம் ஓட்டையாகும்.

குறைந்த அளவு 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 8 சென்டிமீட்டர் பச்சை மிஞ்ச வேண்டும். அப்படியானால் அந்தப் பக்கத்தில் நீங்கள் எடுக்கக்கூடியது 12 சென்டிமீட்டர். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட இல்லை.

3. என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று கணக்குப் போடுங்கள்

இங்கேதான் பலருக்கும் ஏமாற்றம். ஓர் உதாரணம்: வேலியின் உயரம் 3.5 மீட்டர், அகலம் 1.8 மீட்டர். வீட்டுக்காரர் கேட்பது 2.5 மீட்டர் உயரம், 1 மீட்டர் அகலம்.

உயரம் கிடைக்கும். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கக் கூடாது என்ற வரம்புக்குள் அது அடங்கிவிடுகிறது. உச்சியில் கட்டை தெரிந்தாலும் சுற்றியுள்ள பக்கக் கிளைகள் மெல்லச் சாய்ந்து மூடிக்கொள்ளும். தரையில் நிற்பவர் கண்ணுக்கு அது படாது. (மாடியில் இருந்து பார்த்தால் ஓரிரு வருடம் அசிங்கமாகத்தான் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அகலம் கிடைக்காது. இரு பக்கமும் 12, 12 என்று எடுத்தால் 1.56 மீட்டருக்கு வரும். அத்தோடு சரி. ஒரு மீட்டருக்கு வெட்டினால் இரு பக்கமும் கட்டை மட்டும் நிற்கும். வழி அகலமாகத்தான் வேண்டும் என்றால் வேலியை எடுத்துவிட்டுப் புதிதாக நட வேண்டும். இதை வெட்டும் முன்பே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். பாதி வெட்டிய பிறகு, “இன்னும் கொஞ்சம் உள்ளே எடு” என்று பின்னால் நின்று சொல்லும் குரல் அழித்த வேலிகள் பல.

4. காலம்: ஓணம் கழிந்த பிறகு, மழை வருமுன்

இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் ஊசியிலை வேலியை வசந்தம் முதல் கோடை முடியும்வரை வெட்டச் சொல்வார்கள். அங்கே பயம் குளிர். நமக்குப் பயம் வெயிலும் விடாத மழையும். அந்த மாதப் பட்டியலை இங்கே கொண்டுவந்து பங்குனி, சித்திரையில் வெட்டியவர்களை எனக்குத் தெரியும். அதுவரை நிழலில் இருந்த உள்இலை திடீரென்று வெயிலைக் கண்டு ஒரே வாரத்தில் கருகிப்போனது.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. இடவப்பாதி என்னும் தென்மேற்கு மழை ஜூனில் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. இவற்றுக்கு நடுவே ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் வரை ஓர் இடைவெளி கிடைக்கிறது. பெரிய வெட்டுக்கு இதுவே சரியான காலம். நான் நினைவில் வைத்துக்கொள்ளும் அடையாளம் ஓணம். ஓணம் எந்தத் தேதியில் வந்தாலும் அது கழிந்த இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுவேன்.

காரணம் இரண்டு. வெட்டுவாய் காய்வதற்குச் சில வாரம் மழை குறைந்த நாட்கள் கிடைக்கின்றன. ஈரம் தேங்கும் புண்ணில்தான் பூஞ்சை ஏறும். பிறகு வரும் ஐப்பசி மழையும் மேகமூட்டமும் புதிய துளிரை வளர்த்தெடுக்கின்றன. வெளியே வந்த உள்இலைக்கும் வெயிலைப் பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது.

இலேசான ஓர வெட்டுக்குப் பொங்கல் முடிந்த வாரம் நல்லது. பெரிய வெட்டை அப்போது வைக்காதீர்கள், முன்னால் மூன்று நான்கு மாதம் மழையற்ற காய்ச்சல் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வீட்டு முன் அழகாக இருக்க வேண்டும் என்று டிசம்பரில் ஆள் வைத்து ஒரே நாளில் மொட்டையடிப்பதும் அதே தவறுதான். குடிலுக்குப் பச்சை வேண்டுமென்றால் நுனியில் விரல் நீளம் கிள்ளி எடுங்கள், போதும்.

இடத்துக்கேற்பச் சிறு மாற்றம் உண்டு. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் கணவாய்க் காற்று செப்டம்பர் வரை ஓயாது. உயரமான வேலியைத் திறந்துவிட்டு அந்தக் காற்றில் நிறுத்தினால் செடி வேரோடு ஆடும். அங்கே தை மாதத்துக்குத் தள்ளி, நீர் பாய்ச்சும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் கடலைப் பார்த்த பக்கத்து இலை உப்புக்காற்றில் ஏற்கெனவே கருகி மெலிந்திருக்கும். அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள். உயரத்தை மட்டும் குறையுங்கள்.

5. மூன்று வருடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் வருடம்: உட்புறச் சுத்தமும் உயரமும். இரண்டாம் வருடம்: ஒரு பக்கம். மூன்றாம் வருடம்: மறுபக்கம். இடைப்பட்ட காலத்தில் பொங்கல் வெட்டு மட்டும்.

செடிக்கு உணவு இலையிலிருந்து வருகிறது. உச்சி, இரு பக்கம் என்று மூன்றையும் ஒரே நாளில் எடுத்தால் மிஞ்சும் இலை அந்த வேரைத் தாங்காது. ஒரு பக்கம் முழுப் போர்வையோடு நிற்கும்போது மறுபக்கம் நிதானமாகத் தேறும்.

நடைமுறையில் இதைக் கெடுப்பது கூலி முறை. ஆளை அழைத்தால் ஒரு நாள் கூலி. அவர் அன்றே முழு வேலையையும் முடித்துக்கொடுப்பதுதான் நியாயம் என்று நினைப்பார். அவர் மேல் குற்றம் இல்லை. காலையிலேயே “இன்று உச்சி மட்டும், பக்கத்தில் கைவைக்க வேண்டாம்” என்று சொல்லி, மிஞ்சும் நேரத்துக்குத் தென்னை மூட்டில் (மரத்தடியில்) மண் வெட்டுவதோ வேறு வேலையோ கொடுத்துவிடுங்கள்.

எந்தப் பக்கத்தை முதலில்? போர்வை தடித்திருக்கும் பக்கத்தை. அது பெரும்பாலும் வெயில் நன்றாகப் படும் பக்கமாக இருக்கும். மெலிந்த பக்கத்துக்கு, உயரம் குறைந்ததால் கிடைக்கும் வெளிச்சத்தில் தடிக்க ஒரு வருடம் கூடுதலாகக் கிடைக்கும்.

6. கருவிகள்

கைக்குள் அடங்கும் கவாத்துக் கத்தரி ஒன்று, விரல் பருமன் குச்சிகள் வரைக்கும். நீண்ட கைப்பிடிக் கத்தரி ஒன்று, 3 சென்டிமீட்டர் வரை. அதற்கு மேல் மடக்கும் கைவாள். ஓரம் சீர்செய்ய இரு கையால் பிடிக்கும் வேலிக் கத்தரி. இது முதல் வருடத்தில் பையிலேயே இருக்கட்டும்.

வெட்டுக்கத்தி வேண்டாம். அது கிளையை வெட்டுவதைவிடச் சிதைப்பதே அதிகம். சிதைந்த நாரில் நீர் தங்கும். மோட்டார் இயந்திரமும் முதல் தடவை வேண்டாம். அதற்குப் பச்சை எங்கே முடிகிறது என்று தெரியாது. நமக்கும் அந்த வேகத்தில் தெரியாது.

துஜாவின் பிசின் அலகில் ஒட்டி, அரை மணி நேரத்தில் கத்தரி இறுகிவிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். காய்ந்த, நோயுள்ள செடியை வெட்டிய பிறகு அடுத்த செடிக்குப் போகும் முன் மருந்துக்கடை ஸ்பிரிட்டால் அலகைத் துடைப்பதை விட்டுவிடாதீர்கள். ஒரு செடியின் நோய் வேலி நெடுக நடந்து போவது நம் கத்தரியில் ஏறித்தான்.

முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி. துஜாவின் பிசின் சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும். உள்ளிருந்து உதிரும் தூசு எல்லோருக்கும் தும்மலைக் கொடுக்கும். தரையில் விரிக்கத் தார்ப்பாய். நூல்கயிறு, நான்கு கம்புகள், அளவு நாடா.

சாய்ப்பு ஏணியை வேலியில் சாய்க்காதீர்கள். இலைக்குள் புதைந்து ஒருபுறமாகக் கவிழும். தானாக நிற்கும் இரட்டை ஏணியோ, கட்டட வேலைக்குப் போடும் குறுஞ்சாரமோ வாடகைக்குக் கிடைக்கும். மேலே மின்கம்பி இருந்தால், அலுமினிய ஏணி எடுக்கும் யோசனையே வேண்டாம். மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே உச்சியைத் தொடுங்கள்.

7. முந்தைய நாள்

மண் காய்ந்திருந்தால் முந்தைய நாள் மாலை அடிவேர் நனையும்படி நீர் விடுங்கள். வாடிய செடிக்கு வெட்டு இரட்டை அடி.

பிறகு ஒரு நீளக் கம்பால் வேலியை மெல்லத் தட்டி, தள்ளி நின்று பாருங்கள். குளவிக்கூடு இருந்தால் அப்போதே தெரியும். பச்சைப் பாம்பு இலையோடு இலையாகக் கிடக்கும். அடியில் சருகு மூடிக்கிடந்தால் கம்பால் கிளறாமல் கையை விடாதீர்கள். மழைக்காலத்தில் சில்லைக் குருவிகள் புல்லை உருண்டையாகச் சுற்றி இந்த வேலிக்குள்தான் கூடு வைக்கும். கூட்டில் குஞ்சோ முட்டையோ இருந்தால் அந்த இரண்டு மீட்டரை விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள். குஞ்சு பறந்த பின் வந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

வேலி எல்லையில் இருந்தால் அடுத்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை. மறுபக்கத்துப் பச்சை அவர்களுக்குத் திரையாக இருக்கலாம். குப்பை விழுவதும் அங்கேதான்.

8. முதல் வருட வேலை: உட்புறமும் உச்சியும்

அ. முதலில் காய்ந்தது மட்டும். உள்ளே தேங்கியிருக்கும் சருகை உலுக்கி உதிர்த்து, முற்றிலும் காய்ந்த குச்சிகளை அடியோடு எடுங்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே பச்சை தெரிந்தால் உயிருள்ளது, விடுங்கள். இதைச் செய்யாமல் உச்சியைத் திறந்தால் மழைநீர் நேராகச் சருகு மெத்தையில் இறங்கி, உள்ளே எப்போதும் ஈரம் தங்கும். கரையானுக்கும் அதுவே வாசல். அரை நாள் இதற்கே போகும்; போகட்டும்.

ஆ. கயிறு கட்டுங்கள். இரு முனையிலும் கம்பு நட்டு, நீங்கள் விரும்பும் உயரத்தில் நூல்கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். தரையிலிருந்து அளக்கும்போது சரிவைப் பாருங்கள். நம் மேற்குப் பகுதியில் சமநிலம் அபூர்வம். தரையைப் பின்பற்றினால் வேலி படியிறங்கும். மட்டம் பார்த்தால் ஒரு முனை உயர்ந்து நிற்கும். எது உங்களுக்கு வேண்டும் என்று தூரத்தில் போய் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இ. கயிற்றுக்கு 15 சென்டிமீட்டர் கீழே மையத் தண்டை வெட்டுங்கள். கயிற்றின் மட்டத்திலேயே வெட்டினால் கட்டையின் தலை மேலே தெரிந்துகொண்டே இருக்கும். கீழே இறக்கி வெட்டினால் பக்கக் கிளைகளின் நுனி அந்த 15 சென்டிமீட்டரை மூடிக்கொண்டு கயிற்று மட்டத்துக்கு வரும்.

ஈ. தண்டு தடித்திருந்தால் மூன்று வெட்டு. முதலில், முடிவான இடத்துக்கு ஒரு சாண் மேலே, சாயும் பக்கத்தில் பாதிவரை வாள் போடுங்கள். இரண்டாவதாக, எதிர்ப்பக்கத்திலிருந்து அதற்குச் சற்று மேலே அறுத்துத் துண்டை விழவிடுங்கள். மூன்றாவதாக, மிஞ்சிய கட்டையைச் சரியான இடத்தில் அறுங்கள். ஒரே வெட்டில் அறுத்தால் துண்டு விழும் எடையில் பட்டை கீழ்நோக்கிக் கிழிந்து இறங்கும். அந்தக் கிழிசலோடு கீழே இருக்கும் பச்சைக் கிளையும் போய்விடும்.

உ. கடைசி வெட்டு கொஞ்சம் சாய்வாக இருக்கட்டும், மழைநீர் வழிந்தோட. முடிந்தவரை, பச்சையோடு நிற்கும் ஒரு பக்கக் கிளைக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்தக் கிளை இழுக்கும் சாறு வெட்டுவாயைச் சுற்றித் தோல் மூட உதவும்.

சிறு வெட்டுகளுக்கு எதுவும் பூச வேண்டாம். சாணமும் பெயிண்டும் ஈரத்தைப் பூட்டிவைக்கும். கட்டைவிரலைவிடத் தடித்த உச்சி வெட்டுகளுக்கு மட்டும் நான் போர்டோ பசை என்ற பூஞ்சைத் தடுப்பு மருந்தைத் தடவுகிறேன். மழை மாவட்டத்தில் அந்த அளவு முன்னெச்சரிக்கை போதும். 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு, மொத்தம் 1 லிட்டர் நீர். இரண்டையும் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் தனித்தனியே கரைத்து, பிறகு சேர்க்க வேண்டும். பழைய இரும்புக் கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு குறைவு. ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பழக்கமான வேலைதான்.

9. இரண்டாம், மூன்றாம் வருடம்: பக்கங்கள்

மறுபடி ஈர்க்கிலை எடுங்கள். போன வருட அளவு இந்த வருடத்துக்குச் செல்லாது.

வேலியின் அடி அகலமாகவும் உச்சி ஒடுங்கியும் இருக்க வேண்டும். ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஒரு பக்கத்தில் 5 முதல் 10 சென்டிமீட்டர் உள்ளே சாயட்டும். நேர் சுவர் போல வெட்டினால் மேல்பகுதி வேகமாக வளர்ந்து கீழுக்கு நிழலிடும். நிழல்பட்ட அடி பழுத்து உதிரும். அடியில் ஓட்டையாகிப்போன வேலிகளில் முக்கால்வாசி இப்படி ஆனவைதான்.

ஆகவே கீழிருந்து தொடங்குங்கள். அடியில் எடுக்கக்கூடிய அளவை முடிவுசெய்து, அங்கிருந்து மேலே போகப் போக உள்ளே சாயுங்கள். மேலிருந்து இறங்கினால் கை தன்னையறியாமல் உள்ளே உள்ளே போகும். போர்வை மெலிந்த அடிப்பகுதிக்கு வரும்போது கத்தரி கட்டைக்குள் இருக்கும்.

இந்த வெட்டு முழுவதும் கவாத்துக் கத்தரியால்தான். நீண்டு நிற்கும் ஒரு கிளையைப் பிடியுங்கள். அதன் வழியே உள்நோக்கி விரலை ஓட்டிப் போனால், பச்சையுள்ள ஒரு பக்கக் குச்சி பிரியும் கவை வரும். அந்தக் கவைக்குச் சற்று வெளியே வெட்டுங்கள். அடுத்த கிளை. பத்து மீட்டருக்கு ஒரு முழு நாள் ஆகும். வேலிக் கத்தரியால் ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். ஆனால் அது பச்சையையும் குச்சியையும் ஒரே கோட்டில் அரிந்துபோடும். வெளியே சில நாள் அழகாகத் தெரிந்து, பிறகு நுனியெல்லாம் பழுக்கும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்து அடி பின்னால் போய் நின்று பாருங்கள். பக்கத்தில் நின்று பார்க்கும் கண்ணுக்கு ஓட்டை தெரியாது.

தெற்கும் மேற்கும் பார்த்த பக்கத்தை வெட்டிய பின் வெயில் கடுமையாக இருந்தால் பச்சை நிழல்வலையை வேலிமேல் படாமல் கம்புகளில் கட்டி, மூன்று வாரம் விடுங்கள். மேகமூட்டம் தொடர்ந்தால் வேண்டியதில்லை.

10. சவுக்கு வேலிக்கு வேறு விதி

சவுக்கு வேகமாக வளரும், உப்புக்காற்றைத் தாங்கும், அடிக்கடி வெட்டினால் அடர்ந்து வரும். வருடம் ஒரு தடவை அதற்குப் போதாது. வேலியாக வைத்திருக்க இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுனி வெட்ட வேண்டும்.

மண்டிப்போன சவுக்கில், இளம் கிளைகளில் வெட்டினால் துளிர் வரும். மரமாகத் தடித்துவிட்ட தண்டைத் தாழ வெட்டிவிட்டு மறுதாம்பை (அடிக்கட்டையிலிருந்து வரும் துளிரை) எதிர்பார்க்காதீர்கள். நம் கடற்கரைச் சவுக்கு அதில் நம்பத்தக்கதல்ல. உயரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அடியில் பச்சைக் கிளைகள் இருக்கின்றனவா என்று பார்த்து, அடுத்த வெட்டைத் தீர்மானியுங்கள். அடியில் ஒன்றுமே இல்லை என்றால் அது வேலி அல்ல, மரவரிசை. மரமாகவே வளரவிட்டு, முன்னால் வேறு செடியை வேலியாக நடுங்கள்.

11. வெட்டிய பின்

மழை தவறினால் வாரம் இருமுறை ஆழ நீர். தினமும் மேலாகத் தெளிப்பதால் பயனில்லை, வேர் மேலே வந்துவிடும். அடியில் தேங்காய் நார்க்கழிவையோ காய்ந்த பலா இலையையோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள்; தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுவிடுங்கள். தண்டில் ஒட்டினால் பட்டை அழுகும்.

யூரியா வேண்டாம். “வெட்டியிருக்கிறோம், ஊட்டம் கொடுப்போம்” என்று போடுபவர்கள் அதிகம். மென்மையான துளிர் ஒரேயடியாகக் கிளம்பி, முதல் மழையிலேயே பூஞ்சைக்கு இரையாகும். புதுத் துளிர் ஒரு விரல் நீளம் வந்த பிறகு மக்கிய சாணம் கொஞ்சம் போதும்.

கோடையில் இலை செம்பு நிறமாக மங்கினால் செஞ்சிலந்தியாக இருக்கலாம். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். தூசு போல விழுந்தது நகர்ந்தால் அதுதான். குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சி இலையின் உட்புறத்தைக் கழுவுங்கள். காலையில் செய்யுங்கள், மாலைக்குள் காய வேண்டும்.

கழிவை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள். துஜா இலையின் எண்ணெயில் துஜோன் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. வேலிக்குப் பக்கத்தில் குவித்து எரிக்கவும் வேண்டாம். பிசின் உள்ள இலை பச்சையாக இருக்கும்போதே சட்டென்று பற்றும், அந்தச் சூட்டில் வேலியும் வதங்கும். சிறு துண்டாக நறுக்கித் தனியாக மக்கவிட்டால் தென்னை மூட்டில் போடலாம். மக்க நாளாகும்.

12. ஏற்கெனவே ஓட்டை விழுந்துவிட்டால்

சிறு ஓட்டை, அதாவது இரண்டு கை விரிந்த அளவு என்றால், சுற்றியுள்ள பச்சைக் கிளைகளை வளைத்து ஓட்டையின் குறுக்கே இழுத்து, கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். தென்னங்கயிறு நல்லது, கம்பி பட்டையை அறுத்து உள்ளே போய்விடும். ஒரு வருடத்தில் கயிற்றை அவிழ்த்துவிடலாம். செடி தானாக அந்த இடத்தில் தடித்திருக்கும்.

பெரிய ஓட்டையில் புதுக்கன்று வைப்பது பெரும்பாலும் வீண். இரு பக்கமும் பழைய வேர் நீரைக் குடித்துவிடும், மேலே நிழல். நான் நான்கு தடவை முயன்று ஒன்றைப் பிழைக்கவைத்தேன். அதுவும் பழைய வேரை அறுத்து, குழியில் மண்ணை முழுதாக மாற்றி, கோடை முழுவதும் குடத்தில் நீர் சுமந்து ஊற்றியதால்.

ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் பழுப்பாகிவிட்டால் காத்திருக்காதீர்கள். ஒரு மழைக்காலம் பார்த்தும் பச்சை எட்டிப் பார்க்கவில்லை என்றால் இனி வராது. வேரோடு எடுத்து, குழியை வெயில் காயவிட்டு, அடுத்த இடவப்பாதியில் புதிதாக நடுங்கள். துஜாவே வேண்டுமென்றால் கன்றுக்குக் கன்று 60 முதல் 75 சென்டிமீட்டர், மதிலிலிருந்தும் வழியிலிருந்தும் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நுனி கிள்ள நேரம் ஒதுக்க முடியாது என்று தெரிந்தால் தெற்றியையோ செம்பருத்தியையோ வையுங்கள். அவற்றை வெட்டுக்கத்தியால் வெட்டினாலும் திரும்பி வரும்.